படித்து முடித்த நர்ஸுக்கு மறுபடி எதுக்கு டிரெயினிங்? தூத்துக்குடி கடலோரப் பிரசவ அறைகளை வைத்து ஒரு விளக்கம்

டாக்டருக்குப் படித்தாச்சு, நர்ஸிங் முடித்தாச்சு, அரசு வேலையும் கிடைச்சாச்சு. அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் பயிற்சி? இந்தக் கேள்வி பலருக்கும் வரும். ஆனால் பிரசவ அறையில் வேலை செய்பவர்கள் விஷயத்தில் இதற்கான பதில், ஒரு தாய் வீடு திரும்புவாரா இல்லையா என்பதோடு நேரடியாகத் தொடர்புடையது. அதிலும் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தள்ளி இருக்கும் கிராமங்களில் இது இன்னும் முக்கியம்.

வேம்பாரில் தொடங்கி தருவைகுளம், தூத்துக்குடி, புன்னக்காயல், காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு வழியாகப் பெரியதாழை வரை நீளும் முத்துக்குளித்துறை கடற்கரையை வைத்து இதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு நல்ல செய்தி

பிரசவத்தில் தாய் இறப்பதைத் தடுப்பதில் தமிழ்நாடு இந்தியாவின் முன்னணி மாநிலங்களில் ஒன்று. 2018-20 காலத்துக்கான மாதிரிப் பதிவு முறை கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால் தமிழ்நாட்டில் இறக்கும் தாய்மார்கள் 54 பேர். அதே காலத்தில் இந்திய சராசரி 97.

தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) சொல்வது இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. வீட்டில் மருத்துவச்சி பார்த்த காலம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

அப்படியென்றால், இனி தாய்மார்கள் இறப்பது பெரும்பாலும் வீட்டில் அல்ல. ஆஸ்பத்திரியிலோ, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலோதான். எனவே அடுத்து பார்க்க வேண்டியது "ஆஸ்பத்திரிக்கு வந்தாங்களா" என்பதை அல்ல. "வந்த பிறகு என்ன நடந்துச்சு" என்பதை.

ஒரு சின்ன கணக்கு போடுவோம்

குழந்தையின் தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்வது ஒரு அவசர நிலை. சில நிமிடங்களில் சரியான முறையில் விடுவிக்கவில்லை என்றால் குழந்தையின் கை நரம்புகள் பாதிக்கப்படலாம், உயிரே போகலாம். இது தோராயமாக 150 பிரசவத்தில் ஒன்றில் நடக்கும்.

ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதம் 5 பிரசவம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 60. மூன்று நர்ஸுகள் ஷிஃப்ட் மாற்றி வேலை செய்தால் ஒருவர் கையில் வருவது சுமார் 20. அந்தக் கணக்கில் ஒரு நர்ஸ் தோள் சிக்கலைச் சந்திக்க ஏழு வருஷத்துக்கும் மேல் ஆகும்!

ஏழு வருஷமாகக் கை வைக்காத ஒரு வேலையை, நள்ளிரவு 2 மணிக்கு, பக்கத்தில் டாக்டர் இல்லாமல், பதறாமல் செய்ய வேண்டும். கல்லூரியில் படித்த பாடம் அங்கே எவ்வளவு தூரம் கை கொடுக்கும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதேதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்குத் தினசரி வேலையே பயிற்சி. கிராமத்தில் இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. சிசேரியன் கூடுகிறது (தமிழ்நாட்டில் 2015-16ல் 34.1 சதவீதம், 2019-21ல் 44.9 சதவீதம்). கர்ப்பிணிகள் பெரிய ஆஸ்பத்திரிகளைத் தேடிப் போகிறார்கள். சின்ன மையங்களில் பிரசவ எண்ணிக்கை குறையக் குறைய, அங்கே இருப்பவர்களின் கைப்பழக்கமும் குறைகிறது. ஆனால் அவசரம் வரும்போது முதலில் கதவைத் தட்டுவது அந்தச் சின்ன மையத்தைத்தான்.

இந்தக் கடற்கரையில் என்ன வித்தியாசம்?

1. தூரம்: திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடிக்கு சுமார் 40 கி.மீ. திருநெல்வேலிக்கு சுமார் 60 கி.மீ. மணப்பாடு, பெரியதாழைக்காரர்களுக்கு அதைவிட அதிகம். பிரசவத்துக்குப் பின் வரும் கட்டுக்கடங்காத உதிரப்போக்கு, சிகிச்சை கிடைக்காவிட்டால் சுமார் 2 மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 108 ஆம்புலன்ஸ் வந்து, ஏற்றி, கொண்டுபோய் இறக்கும் நேரத்தை அதிலிருந்து கழித்துப் பாருங்கள். முதல் அரை மணி நேரம் உள்ளூர் நர்ஸ் கையில்தான்.

2. வெள்ளம்: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது ஞாபகம் இருக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோய், பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டவர்களில் ஒரு கர்ப்பிணியும் இருந்தார். புயல், மழை எச்சரிக்கை வந்தால் பிரசவத் தேதி நெருங்கியவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்ப்பது தமிழ்நாட்டில் வழக்கம். ஆனால் தேதி வரும் முன்பே வலி வந்தால்? ரோடு துண்டிக்கப்பட்ட ஊரில் "மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறோம்" என்ற வார்த்தைக்கு அர்த்தமே இல்லை.

3. வேலை: இந்த மாவட்டத்தின் உப்பளங்களில் வெயிலில் நின்று வேலை செய்பவர்களில் பெண்கள் அதிகம். கடும் வெப்பத்தில் வேலை செய்யும் கர்ப்பிணிகள் பற்றி சென்னையின் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 பெண்களிடம் ஆய்வு நடத்தினார்கள். விவசாயம், செங்கல் சூளை, உப்பளம் போன்ற வேலைகளில் இருந்தவர்களும் அதில் உண்டு. கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் போன்ற ஆபத்து வெப்பத்தால் சுமார் இரண்டு மடங்கு ஆகலாம் என்றது அந்த ஆய்வு. இது பத்து வருஷம் முன்பு படித்த நர்ஸின் பாடப்புத்தகத்தில் இருந்திருக்காது. "என்னம்மா வேலை பாக்குறீங்க, எத்தனை மணி நேரம் வெயில்ல?" என்று கேட்க, அவருக்கு யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பாடமே மாறிக்கிட்டே இருக்கு

பயிற்சி என்பது மறந்ததை ஞாபகப்படுத்த மட்டும் இல்லை. சரி என்று சொல்லிக்கொடுத்ததே பின்னாளில் மாறும்.

• பிரசவ வலி தீவிரமாகும் கட்டம், கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. திறந்ததும் தொடங்குகிறது என்று முன்பு கற்றுக்கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018ல் அதை 5 செ.மீ. என்று மாற்றியது. 2020 டிசம்பரில் பிரசவத்தைக் குறித்து வைக்கும் அட்டையையே மாற்றி வெளியிட்டது. 1 செ.மீ.தானே என்று நினைக்க வேண்டாம். "வலி சரியா முன்னேறல" என்று அவசரப்பட்டு ஊசி போடுவதும், சிசேரியனுக்கு அனுப்புவதும் இந்த ஒரு எண்ணைப் பொறுத்து மாறும்.

• குழந்தை வெளியே வர மேல்வயிற்றை அமுக்குவது, எல்லோருக்கும் வழக்கமாகக் கீறித் தையல் போடுவது, இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.

• பிறந்த உடனே தொப்புள்கொடியை வெட்டுவது பழைய முறை. குழந்தை நன்றாக இருந்தால் 1 முதல் 3 நிமிடம் பொறுத்து வெட்டுவது இப்போதைய முறை. குழந்தைக்கு ரத்தசோகை வருவதை இது குறைக்கிறது.

• சுகப்பிரசவத்தில் 500 மி.லி. ரத்தம் போனால்தான் ஆபத்து என்பது நீண்ட கால வரையறை. 2025 அக்டோபரில் வந்த புதிய சர்வதேச வழிகாட்டுதல், 300 மி.லி. தாண்டி, கூடவே நாடித்துடிப்பு, ரத்த அழுத்தத்தில் மாற்றம் தெரிந்தாலே சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது.

சென்னையில் இருக்கும் நிபுணருக்கு இதெல்லாம் மாநாட்டில் தெரிந்துவிடும். வேம்பாரில் இருப்பவருக்கு யார் போய்ச் சொல்வது?

என்னென்ன பயிற்சிகள் இருக்கு?

• கிராம சுகாதார செவிலியர், ஸ்டாஃப் நர்ஸுகளுக்குத் திறன்மிகு பிரசவ உதவியாளர் பயிற்சி: 21 நாள். இதன்படி ஜன்னிக்கான முதல் டோஸ் மருந்து, உதிரப்போக்கை நிறுத்தும் ஊசி போன்றவற்றை டாக்டருக்காகக் காத்திருக்காமல் அவர்களே கொடுக்கலாம். 2010ல் மத்திய அரசு இதற்கான கையேட்டை வெளியிட்டது.

• எம்பிபிஎஸ் மருத்துவர்களுக்கு அடிப்படை அவசரப் பிரசவ சிகிச்சை: 10 நாள்.

• எம்பிபிஎஸ் மருத்துவரே சிசேரியன் செய்யக் கற்றுக்கொள்ளும் பயிற்சி: 16 வாரம். மயக்க மருந்து கொடுக்கும் பயிற்சி: 18 வாரம். நிபுணர்கள் கிடைக்காத ஊர்களுக்காக வந்த திட்டங்கள் இவை.

• தக்ஷதா (2015): லேபர் வார்டு ஊழியர்களுக்கு 3 நாள். பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலைப் பயன்படுத்தச் சொல்லித் தருவது.

• லக்ஷயா (2017 டிசம்பர்): பிரசவ அறையையே மதிப்பெண் போட்டுத் தரச்சான்று கொடுக்கும் திட்டம். ஊழியர்களின் கைத்திறனையும் சோதிக்கிறது.

• மருத்துவப் பேறுகால செவிலியர் பயிற்சி: 18 மாதம். 2018 வழிகாட்டுதல்படி, சிக்கல் இல்லாத பிரசவங்களைச் சுயமாகப் பார்க்கத் தனி செவிலியர் பிரிவை உருவாக்குவது.

தமிழ்நாட்டின் பலம்: இறப்பை ஆராய்வது

1990களிலேயே தமிழ்நாடு ஒவ்வொரு பிரசவ கால இறப்பையும் கட்டாயம் பதிவு செய்ய ஆரம்பித்தது. 2004ல் எல்லா இறப்புகளையும் ஆராய்வது அரசாணையாகவே வந்தது. எங்கே தாமதம்? வீட்டிலா, வழியிலா, ஆஸ்பத்திரியிலா? குடும்பத்தினரிடமும் விசாரிக்கிறார்கள்.

நர்ஸுகளை ஷிஃப்ட் முறையில் வைத்து ஆரம்ப சுகாதார நிலையங்களை 24 மணி நேரமும் திறந்தது, சிசேரியனும் ரத்தமும் எப்போதும் கிடைக்கும் சீமாங் மையங்களை அமைத்தது, 2008ல் 108 வந்தது எல்லாம் சேர்ந்துதான் இறப்பு எண்ணிக்கையைக் குறைத்தன.

கேரளாவில் இன்னொரு பாணி. 2004லிருந்து அங்குள்ள மகப்பேறு மருத்துவர்கள் கூட்டமைப்பு, ஆஸ்பத்திரி பெயரோ டாக்டர் பெயரோ இல்லாமல் இறப்புகளை ரகசியமாக ஆய்வு செய்கிறது. "யார் தப்பு" என்று தேடாமல் "எது தப்பாச்சு" என்று பார்ப்பதுதான் நோக்கம். அதில் தெரியவரும் ஓட்டைகளை வைத்தே அடுத்த பயிற்சியைத் திட்டமிடுகிறார்கள்.

இந்த வித்தியாசம் முக்கியம். ஆய்வுக் கூட்டம் என்றாலே மெமோ வரும் என்ற பயம் இருந்தால், யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். சொல்லாத தவறிலிருந்து யாரும் பாடம் கற்க முடியாது. பயத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. "நம்மகிட்ட இருக்கும்போது எதுவும் ஆகிடக் கூடாது" என்று, இங்கேயே பார்க்கக்கூடிய பிரசவத்தையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள்.

எப்படிப்பட்ட பயிற்சி பலன் தருது?

பயிற்சி கொடுத்தாலே உயிர் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. இதற்கு இந்தியாவிலேயே பெரிய சாட்சி இருக்கிறது.

உத்தரப்பிரதேசத்தில் 120 மையங்களில், 1.5 லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்களில் ஒரு சோதனை நடந்தது. பாதி மையங்களுக்குச் சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்து, 8 மாதம் பயிற்சியாளர்கள் நேரில் போய் வழிகாட்டினார்கள். 2 மாதத்தில் சரியான முறைகளைப் பின்பற்றுவது 72.8 சதவீதம் ஆனது. மற்ற மையங்களில் 41.7 சதவீதம்தான். ஆனால் 12-வது மாதத்தில், அதாவது வழிகாட்டுதல் நின்ற பிறகு, அது 61.7 சதவீதமாக இறங்கியது. தாய், சேய் இறப்பிலும் பாதிப்பிலும் இரு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. 2017ல் வெளியான முடிவு இது.

இதற்கு நேர்மாறான உதாரணம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் உள்ள சவுத்மீட் மருத்துவமனை. 2000லிருந்து அங்கே டாக்டர், நர்ஸ் எல்லோரும் ஒன்றாக, அவர்கள் வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரியில், பொம்மையை வைத்து வருஷா வருஷம் ஒத்திகை பார்க்கிறார்கள். தோள் சிக்கலில் குழந்தைக்குக் காயம் ஏற்படுவது 9.3 சதவீதத்திலிருந்து 2.3 ஆகக் குறைந்தது.

கருவியும் பயிற்சியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு உதாரணம். பிரசவத்துக்குப் பின் தாய்க்குக் கீழே அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து, போகும் ரத்தத்தைக் கண்மதிப்பாக அல்லாமல் அளந்து பார்ப்பது. உடனே மசாஜ், ஊசி, டிரிப், பரிசோதனை எல்லாவற்றையும் வரிசையாகக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் செய்வது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 ஆஸ்பத்திரிகளில் இதைச் செய்தபோது கடுமையான பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது (2023). இதுபோன்ற விரிப்பை வைத்து ரத்தம் அளக்கும் முறை, அதற்குப் பல வருஷம் முன்பே கர்நாடகாவின் பெலகாவியில் நடந்த ஆய்வில் பயன்பட்டது. கிராமத்துச் செவிலியர்கள் கொடுத்த மாத்திரையால் உதிரப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 ஆகக் குறைந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவுதான்.

இவற்றிலிருந்து தெரிவது:

• வருஷத்துக்கு ஒரு பெரிய முகாமைவிட, அடிக்கடி நடக்கும் சின்ன ஒத்திகை நல்லது.
• ஆளை ஊருக்கு வெளியே அழைப்பதைவிட, பயிற்சியாளர் மையத்துக்குப் போவது நல்லது.
• தனி ஆளுக்குப் பதில் முழு டீமுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். டாக்டர், நர்ஸ், பணியாளர், 108 டெக்னீஷியன் எல்லோருமே அந்த டீம்தான்.
• சொல்லிக்கொடுத்த மருந்தும் கருவியும் அலமாரியில் இருக்க வேண்டும்.

அப்போ தடை எங்கே?

முதல் தடை, ஆள். மூன்று நர்ஸில் ஒருவர் 21 நாள் பயிற்சிக்குப் போனால் மிச்சம் இருவர்தான் இரவும் பகலும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கதை முடிந்தது. மாற்று ஆள் கொடுக்காமல் பயிற்சிக்கு அழைப்பது, பிரசவ அறையைக் காலி செய்வதற்குச் சமம்.

இரண்டாவது, இடமாற்றமும் ஒப்பந்த வேலையும். 2015ல் ஆயிரக்கணக்கான நர்ஸுகள் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டார்கள். 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டம் பலருக்கும் நினைவிருக்கும். பயிற்சி பெற்றவர் அடுத்த வருஷம் அதே லேபர் வார்டில் இருப்பாரா என்பதே நிச்சயமில்லை என்றால், அந்தப் பயிற்சியின் பலனும் நிச்சயமில்லை.

மூன்றாவது, எழுத்து வேலை. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசிக் கணக்கு, ஆன்லைன் பதிவேற்றம் என்று கிராம சுகாதார செவிலியரின் நாள் போய்விடுகிறது.

நான்காவது, தனியார் ஆஸ்பத்திரிகள். அரசுப் பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் அரசு ஊழியர்களுக்கானவை. சின்ன நர்ஸிங் ஹோமில் வேலை செய்யும் நர்ஸுக்கு யார் பொறுப்பு? மகப்பேறு மருத்துவர்களின் தேசியக் கூட்டமைப்பான ஃபோக்ஸியின் மான்யதா திட்டம் 16 தரநிலைகளை வைத்துத் தனியார் மையங்களுக்குப் பயிற்சியும் சான்றும் தருகிறது. ஆனால் அதில் சேருவது கட்டாயமில்லை.

சட்டம் என்ன சொல்லுது?

2002 மருத்துவ நடத்தை விதிகளின்படி டாக்டர்கள் 5 வருஷத்துக்கு 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும். நர்ஸுகளுக்கு இந்திய நர்ஸிங் கவுன்சில் வைத்த அளவு 5 வருஷத்துக்கு 150 மணி நேரம். 1947ம் ஆண்டு நர்ஸிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023ல் தேசிய நர்ஸிங் மற்றும் பேறுகால செவிலியர் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது.

ஆனால் மணி நேரம் மட்டும் போதாது. ஏசி ஹாலில் 6 மணி நேரம் ஸ்லைடு பார்த்தாலும் மணிக்கணக்கு ஏறும். பொம்மையை வைத்து 20 நிமிடம் தோள் சிக்கலை விடுவித்துப் பழகினால் கை பழகும். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதுதான் இப்போதைய முறையின் பலவீனம். கிராமத்துக்கு உதவப்போவது இரண்டாவதுதான்.

உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால்

இந்தக் கேள்விகளை 7-வது மாதத்திலேயே கேளுங்கள். சண்டை போடுற மாதிரி இல்லாமல், சாதாரணமாகக் கேட்டால் போதும்:

• இங்கே இரவிலும் நர்ஸ் இருப்பாரா? டாக்டர் எவ்வளவு நேரத்தில் வருவார்?
• ஏதாவது சிக்கல் என்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள்? எவ்வளவு நேரம் ஆகும்?
• ரத்தம் தேவைப்பட்டால் எங்கே கிடைக்கும்?
• மழைக்காலத்தில் பிரசவத் தேதி வந்தால் எத்தனை நாள் முன்பு வந்து சேர வேண்டும்?

கடும் தலைவலி, கண் மங்கல், கை முகம் வீக்கம், ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். 108க்குக் கூப்பிடுங்கள். சந்தேகங்களுக்கு 104 உதவி எண்ணும் இருக்கிறது.

உங்கள் ஊர் நர்ஸ் "நாளைக்கு டிரெயினிங், வேற சிஸ்டர் இருப்பாங்க" என்று சொன்னால் கோபப்பட வேண்டாம். அந்த வேற சிஸ்டர் உண்மையிலேயே வந்திருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். வரவில்லை என்றால் கிராம சபையிலும், வட்டார மருத்துவ அலுவலரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.